கொல்லிமலை 2 நாள்: 70 வளைவு, ஆயிரம் படி, முட்டிவலி அம்மா. எதை எப்போது வைப்பது?

உறையூர்க்காரன்

திருச்சியிலிருந்து கொல்லிமலைக்கு ஒரு சனி, ஞாயிறு போய்வரத் திட்டம். நாங்கள் இருவர், 13 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி என்றால் நின்றுவிடுவார். சின்ன பெட்ரோல் கார், கையால் கியர் போடுகிற வண்டி. ஏற்காடு வரை ஓட்டிப் பழக்கம் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவு என்றதும்தான் கொஞ்சம் யோசனை.

வரைபடத்தில் பார்த்தால் துறையூர்ப் பக்கத்து அடிவாரப் புளியஞ்சோலைக்கும் மலைமேல் ஆகாய கங்கை அருவிக்கும் நடுவே விரல் அகலம்தான் இருக்கிறது. அந்த வழியாகவே ஏறிவிட முடியாதா, எதற்கு நாமக்கல் சுற்ற வேண்டும்? அருவிக்கு அம்மாவைக் கூட்டிப்போக வழி உண்டா? இரண்டு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஆடி 18 வல்வில் ஓரி (இந்த மலையை ஆண்ட சங்ககால வள்ளல்) விழாவுக்குப் போகலாமா, டிசம்பரில் போகலாமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. சந்தையில் வாங்க உருப்படியாக என்ன கிடைக்கும்?

"பார்க்க வேண்டிய 10 இடங்கள்" வகைப் பட்டியல்கள் நிறையப் படித்தாயிற்று. நேரம், தூரம், சிக்கல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சேந்தமங்கலம் வாசி

புளியஞ்சோலையை முதலில் முடித்துவிடுவோம். கார் ஏறாது, அந்தப் பக்கம் மலைச்சாலையே கிடையாது. ஐயாறு மேலே அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கையாக விழுந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, புளியஞ்சோலையில் அடிவாரத்தைத் தொடுகிறது. ஒரே ஆற்றின் மேல்முனையும் கீழ்முனையும் என்பதால்தான் படத்தில் அவ்வளவு நெருக்கம். நடுவில் இருப்பது காடும் செங்குத்துச் சரிவும். ஒற்றையடிப் பாதை உண்டு, ஆனால் வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் அதில் போகக்கூடாது. குடும்பத்தோடு நினைத்தே பார்க்க வேண்டாம்.

உங்களுக்கு வழி: முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. நாமக்கல் வரை சுமார் 90 கி.மீ. நல்ல சாலை. துறையூரில் வேலை இருந்தால் எருமப்பட்டி வழியாகவும் சேந்தமங்கலம் பக்கம் வந்து சேரலாம். காரவள்ளிதான் அடிவாரம், வனத்துறைச் சோதனைச் சாவடி அங்கே. மதுப்புட்டி, பிளாஸ்டிக் பை இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து வளைவுக்கு எண் போட்டிருப்பார்கள், 1 முதல் 70 வரை. பிள்ளைகளுக்கு எண்ணிக்கொண்டு வரும் வேலை கொடுத்துவிடுங்கள். எண்ணத் தலையைத் தூக்கி வெளியே பார்ப்பார்கள், பாதிக் குமட்டல் அதிலேயே குறையும்.

ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சியிலிருந்து இன்னொரு மலைச்சாலை ஏறுகிறது. வளைவு குறைவு. சேலம், ஆத்தூர்க்காரர்களுக்கு அது வசதி, திருச்சியிலிருந்து வருபவர்களுக்குச் சுற்று. ஆனால் மழையில் காரவள்ளிச் சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நின்றால் அதுதான் மாற்றுவழி, பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் சோளக்காடு, அடுத்து செம்மேடு. கடை, விடுதி, வங்கி, பேருந்து எல்லாம் செம்மேட்டைச் சுற்றித்தான். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் இன்னும் 15 கி.மீ. வாக்கில். தூரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், குறுகலான வளைவுச் சாலை, முக்கால் மணி நேரம் வையுங்கள். கொல்லிமலை ஏற்காடு மாதிரி ஏரியைச் சுற்றி எல்லாம் ஓரிடத்தில் இருக்கிற ஊர் இல்லை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிற விவசாயப் பூமி. இந்த "நாடு" மலையாளி எனப்படும் இந்த மலைப் பழங்குடி மக்களின் (கேரளத்தார் அல்ல) பழைய பிரிவு, இன்றைக்கு ஊராட்சிப் பெயரும் அதுவே.

எப்போது போவது? ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா செம்மேட்டில் அரசு விழாவாக நடக்கும். வில்வித்தைப் போட்டி, மலர்க்காட்சி, கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு சொல்கிற ஓரிக்கு வில்வித்தைப் போட்டி பொருத்தம்தான். ஆனால் அதே நாளில் கோயிலுக்கும் அருவிக்கும் கூட்டம் குவியும், மலைச்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும், அறை கிடைக்காது. விழாவுக்காகவே போகிறவர்கள் போகட்டும். முதல்முறை மலை பார்க்க வருபவர்கள், அதிலும் வயதானவரோடு வருபவர்கள், அந்த இரண்டு நாளைத் தவிர்ப்பது நல்லது.

டிசம்பரில் அருவியில் தண்ணீர் நிறைய இருக்கும், கூடவே பனிமூட்டமும் பாறைச்சரிவும். வெள்ளம் வந்தால் அருவிக்கு இறங்க விடமாட்டார்கள், அவ்வளவு தூரம் போய் வாசலில் திரும்ப வேண்டிவரும். என் வாக்கு தை மாதத்துக்கு, பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த அடுத்த வாரம். வடகிழக்கு மழையின் தண்ணீர் இன்னும் ஓடும், சாலை காய்ந்திருக்கும், மிளகு அறுப்பும் நடந்துகொண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் அருவி நூலாக இளைத்துவிடும்.


ஸ்டியரிங்

சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இடங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

70 என்ற எண்ணுக்குப் பயப்பட வேண்டாம். ஏற்காடு ஓட்டினவருக்கு வளைவு புதிதில்லை. வித்தியாசம், இங்கே ஒரு வளைவு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது வரும். ஓட்டுநருக்கும் வண்டிக்கும் மூச்சு வாங்க இடைவெளி குறைவு. ஆகவே 20 வளைவுக்கு ஒருமுறை, வளைவிலோ வளைவை ஒட்டியோ அல்லாமல், நேர்ச்சாலையில் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

ஏறும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஐந்து பேர், பை, சின்ன இன்ஜின் என்றால் பெரும்பாலும் இரண்டாவது, இறுக்கமான வளைவில் முதலாவது. வளைவின் நடுவில் கியர் மாற்றப் போய்த்தான் வண்டி திணறி நின்று பின்னால் உருளும். நின்றால் பதற்றம் வேண்டாம்: கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் கைப்பிரேக்கை இறக்குங்கள். கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி ஏறாதீர்கள், 30ஆவது வளைவில் கருகல் வாடை வரும். குளிரூட்டியை அணைத்தால் சின்ன இன்ஜினுக்குக் கொஞ்சம் பலம் மிச்சம்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இது சட்டம். ஆனால் பேருந்து வந்தால் சட்டம் பேச வேண்டாம். அது திரும்ப வளைவின் முழு அகலமும் வேண்டும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு 10 மீட்டர் முன்னாலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டுப் பின்னால் எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் வார இறுதி நெரிசலுக்கு முக்கியக் காரணம். (வேன் போதாது, 40 பேர் என்று நீளமான ஆம்னி பேருந்து பிடிக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை நாமக்கல்லிலேயே இறக்கிவைக்கவும்.)

இறங்குவதுதான் கடினம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருளவிட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிரேக்கை எரிக்கிறார்கள். காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் பட்டை சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கருகல் வாடையோ மிதி ஆழமாகப் போவதோ தெரிந்தால் உடனே சமமான இடத்தில் ஒதுக்கி, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், பழுக்கக் காய்ந்த பிரேக் வட்டு கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும். சரியான முறை: இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும், வேகம் கூடும்போது பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் போட்டு, முழுதாக விட்டுவிடுவது.

ஸ்கூட்டரில் வருகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால்: கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடித்து நிறுத்துவது மிகக் குறைவு, பாரம் எல்லாம் பிரேக்குக்குத்தான். இரண்டு பேரும் பையும் இருந்தால் இறக்கத்தில் பத்துப் பத்து வளைவுக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம்.

பனிமூட்டத்தில் உயர்விளக்கு போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்விளக்கு, மெதுவான வேகம், வளைவுக்கு வளைவு ஹாரன். மாலை 4 மணிக்கு மேல் இறங்க ஆரம்பிக்காதீர்கள். பெட்ரோலை நாமக்கல் அல்லது சேந்தமங்கலத்திலேயே முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே சுற்றுவதே 60, 70 கி.மீ. எளிதாக வரும்.


படிக்கட்டு

அருவிக் கணக்கு. ஆகாய கங்கை சுமார் 300 அடி உயரம். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே தலைகீழ். இறங்குவது முதலில், ஏறுவது களைத்த பிறகு. இறங்க 40 நிமிடம், ஏற ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை. குளியலோடு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கீழே அனுப்பமாட்டார்கள், மதியம் 12 மணிக்குள் படியில் கால் வைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வேண்டாம். தயங்காமல் சொல்கிறேன். ஏறும்போது தொடையும் மூச்சும்தான் படும், இறங்கும்போது உடம்பின் முழு எடையும் முட்டியில் விழும். தேய்மானம் உள்ளவர்களுக்கு முதல் 200 படி "பரவாயில்லையே" என்று தோன்றும், 500ஆவது படியில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஏறினாலும் 500, இறங்கினாலும் 500, நடுவில் வண்டி வருகிற வழி எதுவும் இல்லை. படிகள் ஒரே உயரத்திலும் இல்லை. சில இடத்தில் முக்கால் அடி, சில இடத்தில் ஓரடிக்கு மேல்.

அவருக்கு மாற்று உண்டு. மாசிலா அருவி, நம்ம அருவி இரண்டும் சின்னவை, ஆனால் ஆயிரம் படி இல்லை. மாசிலா அருவியில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். நீங்கள் ஆகாய கங்கைக்கு இறங்கும் நேரத்தில் அம்மா அறப்பளீஸ்வரர் கோயிலில் இருக்கட்டும், பெரிய படி ஏற்றம் இல்லாத கோயில், பக்கத்திலேயே ஓடை. அந்த ஓடை மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். மீனைப் பிடிக்கவோ சாப்பிடவோ மாட்டார்கள்: அறுத்துக் குழம்பில் போட்ட மீன் மறுபடி பொருந்தித் துள்ளி ஓடியது என்பது தலபுராணம். மதியம் நடை சாத்தும் நேரத்தைக் காலையிலேயே அர்ச்சகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குபவர்களுக்கு: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பின்பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. ஹவாய்ச் செருப்பு நனைந்த படியில் வழுக்கும். கையில் பை வேண்டாம், தோளில் மாட்டுங்கள், ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பிக்குக் காலியாக இருக்க வேண்டும். தின்பண்டப் பொட்டலம் வெளியே தெரிந்தால் குரங்கு பறித்துவிடும். பொட்டலத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள், குரங்கோடு இழுபறி நடத்தினால் கடி வாங்க நேரிடும்.

அருவிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரோடு கூழாங்கல்லும் வரும். ஓரமாகச் சிதறல் விழும் இடமே தோளுக்குப் போதும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ இலை தழை அதிகமாக வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். துண்டைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள், வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று கீழேயிருந்து காட்டுக்குள் கூட்டிப்போவதாகச் சொல்லுவார்கள். அனுமதியோடு, தனிப் பயணமாகப் போக வேண்டியவை. குளித்துவிட்டு ஈரத்துணியோடு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற தூரத்தில் இல்லை.


உறையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் முதல் நாள் சோளக்காடு, சீக்குப்பாறைக் காட்சிமுனை, படகு இல்லம் என்று மெதுவாகப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் காலையில் தெம்பாக ஆகாய கங்கைக்கு இறங்கி, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால் சரிதானே? முதல் நாள் ஓட்டிய களைப்போடு ஆயிரம் படி வேண்டாம் என்று பார்க்கிறேன்.


ஸ்டியரிங்

இல்லைங்க, அதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. ஆயிரம் படி ஏறி வந்த அன்றே தொடை நடுங்கும், கெண்டைக்கால் பிடிக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு 70 வளைவுக்குக் கிளட்ச், பிரேக் மிதிக்கப் போகிறீர்கள். மெதுவாக விட வேண்டிய கிளட்ச் படக்கென்று விடுபடும். வலி முழுதாகத் தெரிவது மறுநாள்தான், அதுவும் உண்மை. ஆனால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த வலிக்கும், அப்போதே நடுங்குகிற காலுக்கும் வித்தியாசம் உண்டு. வலி இருந்தால் மெதுவாக மிதிப்பீர்கள். நடுக்கம் இருந்தால் எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியாது.

ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் அருவி முதல் நாள். இரண்டு பேர் ஓட்டுவீர்கள் என்றால், இறங்குகிற நாளில் அருவிக்குப் போகாதவர் ஓட்டட்டும்.


சேந்தமங்கலம் வாசி

ஸ்டியரிங் சொல்வது சரி. அதை வைத்து நேரம் போட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை 4.30க்குத் திருச்சியில் கிளம்புங்கள். 6.30 நாமக்கல், காபியோடு லேசாக இரண்டு இட்லி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவேற வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். குமட்டல் உள்ளவர் முன்சீட்டில். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயன் இல்லை. 7.15 காரவள்ளி. நிறுத்தி நிறுத்தி ஏறினால் 9 மணி சோளக்காடு, 9.30 செம்மேடு. விடுதியில் பையைப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்கு. 10.30க்குத் தரிசனம், 11.15க்குப் படியில் இறங்கினால் இரண்டரைக்குள் மேலே வந்துவிடலாம். சாப்பாடு அங்கே கோயில் பக்கத்துக் கடைகளில். இறங்கும் முன்பே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னால்தான் சூடாக வைத்திருப்பார்கள். அதன்பிறகு வேறு எதையும் வைக்காதீர்கள். திரும்பும் வழியில் கண்ணில் பட்டதைப் பார்த்துக்கொண்டு விடுதிக்குப் போய் வெந்நீரில் காலை வைத்து உட்காருங்கள்.

ஞாயிறு விடியலில் சீக்குப்பாறைக் காட்சிமுனை. 7 மணிக்குள் போனால் கீழே சமவெளி மேகத்துக்கு அடியில் கிடக்கும், 10 மணிக்குப் போனால் வெறும் புகைமூட்டம். பிறகு மாசிலா அருவி, அம்மாவும் வரலாம். அடுத்து எட்டுக்கை அம்மன் கோயில். சங்கப் பாட்டில் வருகிற கொல்லிப்பாவை இவள்தான் என்பது ஊர் வழக்கு. சிரிப்பைக் காட்டி மயக்கி ஆளைக் கொல்லும் பாவை என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள், சும்மா "கோயில்" என்றால் காரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். வாசலூர்பட்டிப் படகு இல்லம் சின்னது, பிள்ளைகள் இருப்பதால் ஒரு மணி நேரம் கொடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். மாசி பெரியண்ணசாமி கோயில் உச்சியில் இருக்கிறது, ஏற்றம் உண்டு. வேண்டுதலுக்குக் கோழியை உயிரோடு வேலில் குத்தி வைக்கும் வழக்கம் அங்கே. 9 வயதுப் பிள்ளையோடு போவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கடைசியாகச் சோளக்காடு சந்தை, அது இறங்குகிற வழியில்தான். 2.30க்கு இறக்கம் தொடங்கினால் வெளிச்சத்திலேயே காரவள்ளி. மிச்சம் தெம்பு இருந்தால் நாமக்கல்லில் ஆஞ்சநேயர். 18 அடி, மேலே கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்பவர், எதிரே குடைவரையில் நரசிம்மர். ஆஞ்சநேயரைப் பார்க்க அம்மாவுக்குப் பெரிய படிச் சிக்கல் இல்லை. கோட்டைக்கு மட்டும் பாறைப்படி ஏற வேண்டும், விட்டுவிடுங்கள்.

பேருந்தில் வர நினைக்கும் மற்றவர்களுக்கு: நாமக்கல், ராசிபுரம், சேலத்திலிருந்து செம்மேட்டுக்குப் பேருந்து உண்டு, நாமக்கல்லிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை ஆகும். மேலே இடத்துக்கு இடம் பேருந்து இடைவெளி அதிகம், கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். சில்லறைப் பணம் கையில் வேண்டும். பள்ளத்து ஊர்களில் கைபேசிக்குச் சிக்னல் போய்விடும், அலைபேசியில் பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.


மிளகுக்கொடி

சந்தைப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

தை, மாசியில் போனால் மிளகுதான் முதல் சாமான். சாலையோரம் சவுக்கு மாதிரி நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் கொடிதான் அது, அடியில் காப்பிச் செடி. வாங்கும்போது நான்கைந்து மணியைப் பல்லில் கடியுங்கள். "டக்"கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம் இருக்கிறது, வீட்டில் டப்பாவில் போட்டு ஒரே மாதத்தில் பூசணம் பிடிக்கும். வியாபாரிகள் லிட்டர் எடை பார்ப்பார்கள்: லிட்டர் படியில் நிரப்பினால் 500 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மிளகு, அதற்கும் கீழே என்றால் சாவி (உள்ளீடு இல்லாத பதர்) கலந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி தண்ணீரில் போட்டால் சாவியும் பப்பாளி விதையும் மிதக்கும். ஈரம் இருந்த மிளகு வாங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே மூடி வையுங்கள்.

முடவாட்டுக்கால் என்று ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமத்தோடு ஒரு கிழங்கு குவித்து வைத்திருப்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. சூப்புக்கு நான்கு பேருக்கு 100 கிராம் போதும். ரோமத்தைக் கத்தியால் ஒட்டச் சுரண்டி, தோல் சீவி, பச்சை நிறம் தெரியும் வரை கழுவுங்கள். இந்த வேலையில் சோம்பல் பட்டால்தான் குடிக்கும்போது தொண்டை அரிக்கும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், 6 பல் பூண்டு, 10 சின்ன வெங்காயத்தோடு ஒன்றிரண்டாக இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கடைசியில் உப்பு. சக்கையைச் சாப்பிட முடியாது. கடைக்காரர் அம்மாவின் முட்டியைப் பார்த்ததும் "48 நாள் குடித்தால் ஓடுவாங்க" என்பார். சூப் ருசிக்காகக் குடிக்கட்டும், அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

தேன்: எறும்பு மொய்க்காது, தாளில் ஊறாது, தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நிற்கும் என்று சோதனை காட்டிக் கொடுப்பார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தாளில் ஊறாது, தண்ணீரில் அடியில் போய் நிற்கும். எறும்போ அசல் தேனையும் மொய்க்கும். சாலையோரப் புட்டியை விட்டு, பழங்குடியினர் கூட்டுறவு அல்லது மகளிர் குழு விற்பனை நிலையம் கண்ணில் பட்டால் அங்கே வாங்குங்கள்.

சாமை கேட்டுப் பாருங்கள். ஒருகாலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுதான் இந்த மலையின் சாப்பாடு. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று ரகம் ரகமாக உண்டு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் பணம் நிற்கிறது என்றதும் பல காடுகள் மரவள்ளிக்கு மாறிவிட்டன. சாமையை உமி நீக்குவது பெரும்பாடு என்பதும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் வைத்து வேலை செய்து வருகிறது, மகளிர் குழுக்கள் பொட்டலம் போட்டு விற்கின்றன. தீட்டாத சாமை லேசான பழுப்பாக இருக்கும், வெள்ளை வெளேர் என்றால் தவிடு போனது. சமைக்கும் முன் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றிக் கல் அரித்துவிட வேண்டும். அரை மணி ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, 10 நிமிடத்தில் இறக்கி, 5 நிமிடம் திறக்காமல் விடுங்கள். உடனே கிளறினால் களியாகிவிடும்.

பலாவும் அன்னாசியும் உங்களுக்குத் தை மாதத்தில் பெரிதாகக் கிடைக்காது. பலா சித்திரையிலிருந்து ஆடி வரை. மலை வாழைப்பழம் எப்போதும் உண்டு, முழுத்தார் வாங்கினால் காயாக வாங்குங்கள். பழுத்த தாரைப் பின்பெட்டியில் போட்டு 70 வளைவு இறக்கினால் வீட்டுக்குப் போய்ச் சேர்வது பஞ்சாமிர்தம்.

ஒன்று மட்டும். மிளகுக் கொடி, காப்பிச் செடி எல்லாம் வேலி இல்லாமல் சாலையோரமே இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத காடு என்று நினைத்துப் பிள்ளைகள் பறித்துவிடுவார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் உண்டு. படம் எடுக்க உள்ளே போவதென்றால் குரல் கொடுத்துக் கேட்டால் போதும், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.


உறையூர்க்காரன்

தை கடைசி வாரம் என்று முடிவாகிவிட்டது. அருவி சனிக்கிழமை, சந்தை ஞாயிறு. பிரேக் எண்ணெய் மாற்றி மூன்று வருடம் ஆகிறதாம், மெக்கானிக்கிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு ஓடை மீனுக்குப் பொரி வாங்குவது எங்கே, கீழேயிருந்தே கொண்டுபோக வேண்டுமா?


படிக்கட்டு

கோயில் வாசல் கடைகளிலேயே கிடைக்கும். காகிதத்தில் கட்டித் தரச் சொல்லுங்கள், காகிதத்தை ஓடையில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி காரில் இருந்தால் எடுத்துப் போங்கள், மூன்று மணி நேரம் கல் திண்ணையில் உட்கார்ந்தால் முட்டி மடங்கியே இறுகிவிடும். குளிர்காற்றுக்கு ஒரு சால்வையும்.